தொட்டி ஆபரேட்டர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி: ஒருங்கிணைப்பவருக்கு ஒரு முழு வழிகாட்டி

அரசு அலுவலகத்தில் பயிற்சி ஒருங்கிணைப்பு யாரும் கேட்டு வாங்குகிற பொறுப்பு இல்லை. ஒரு நாள் மாலை கோப்பு ஒன்று மேசைக்கு வரும். உள்ளே மேலிடத்துக் கடிதம், அதன் ஓரத்தில் பச்சை மையில் இரண்டு சொற்கள்: "ஆவன செய்க." அவ்வளவுதான், நீங்கள் ஒருங்கிணைப்பாளர் ஆகிவிட்டீர்கள்.

குமரி மாவட்ட ஊராட்சிகளில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளையும் மோட்டார்களையும் இயக்குகிறவர்களை ஊர் வழக்கில் தொட்டி ஆபரேட்டர் என்பார்கள். அவர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி நடத்தும் கோப்பு அப்படித்தான் என்னிடம் வந்தது. எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். மண்டபம் பார்த்தேன். சாப்பாட்டுக்கு விலைப்புள்ளி வாங்கினேன். தொடக்க விழாவில் யார் குத்துவிளக்கு ஏற்றுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். நாற்பது பேரை அழைத்ததில் பாதிகூட வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் பகல் இரண்டு மணிக்கு எழுந்து நின்றார்கள். "சார், கோபிக்கக்கூடாது. நாலு மணிக்கு ஊரில் தண்ணீர் திறக்கவேண்டும். நான் போகாவிட்டால் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள்" என்றார் முன்வரிசைக்காரர்.

அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் இங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அங்கே வால்வைத் திறப்பது யார் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நடத்திய எல்லாப் பயிற்சியையும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன். கீழே எழுதியிருப்பது அந்த அனுபவம். குடிநீர்ப் பணியாளர்களை வைத்துச் சொல்கிறேன் என்றாலும், தெருவிளக்குப் பராமரிப்பவர், சாலைப் பணியாளர், மருத்துவமனை மின்பணியாளர் என்று யாருக்குப் பயிற்சி நடத்துகிறவருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: மண்டபத்துக்கு முன்னால் மோட்டார் அறை

பயிற்சித் தேவையைக் கண்டறிய அலுவலகங்களில் ஒரு படிவம் உண்டு. அதை ஒன்றியங்களுக்கு அனுப்பினால் பதினைந்து நாளில் நிரப்பி வரும். "மின் பாதுகாப்பு, குளோரினேஷன், பராமரிப்பு" என்று எல்லா ஒன்றியத்திலிருந்தும் ஒரே பதில். படிவத்தை நிரப்புகிறவர் மோட்டார் போடுகிறவர் இல்லையே!

அதற்குப் பதிலாக மூன்று காலைகளை ஒதுக்குங்கள். கடற்கரையில் ஓர் ஊர், தோவாளைப் பக்கம் ஓர் ஊர், மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் ஊர். விடியற்காலையில் ஆபரேட்டருக்கு முன்னால் மோட்டார் அறைக்குப் போய் நில்லுங்கள். அவர் வந்து கதவைத் திறப்பதிலிருந்து பூட்டுவது வரை பேசாமல் பாருங்கள். ஸ்டார்ட்டரை எந்தக் கையால் தொடுகிறார், காலில் செருப்பு இருக்கிறதா, வோல்ட் மீட்டரைப் பார்க்கிறாரா, அந்த மீட்டர் வேலை செய்கிறதா, பிளீச்சிங் பவுடர் மூட்டை எங்கே கிடக்கிறது.

நான் பார்த்த முதல் அறையில் மூட்டை வாய் திறந்தபடி, சுவரோரம் ஈரத்தில் கிடந்தது. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்றில் எப்போதும் ஈரம். அப்படித் திறந்து கிடக்கும் பவுடரில் குளோரின் நாளுக்கு நாள் குறையும். அந்த ஆபரேட்டர் நேர்மையாகத் தினமும் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் குழாயில் சோதித்தால் குளோரின் இல்லை. அவருக்குக் குளோரினேஷனின் முக்கியத்துவம் பற்றி ஒரு மணி நேரச் சொற்பொழிவு தேவையில்லை. இறுக்கமான மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டிரம் தேவை. பயிற்சியால் தீராத குறையைப் பயிற்சியால் தீர்க்கப் போகக்கூடாது. இந்த மூன்று நாள் சுற்றிலேயே அந்தக் குறைகளைத் தனியாக எழுதி ஒன்றியப் பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். டிரம், கையுறை, எரிந்த மீட்டருக்கு மாற்று என்று அந்தப் பட்டியல் நீளும். நான் இதைச் செய்யாமல் விட்ட ஒரு வருடத்தில், வகுப்பில் எதைச் சொன்னாலும் "அதற்குச் சாமான் எங்கே சார்" என்ற ஒரே கேள்வியில் வகுப்பு முடிந்துவிட்டது.

இரண்டாம் படி: பட்டியலில் இன்னொரு பத்தி

மாவட்டத்தில் 9 ஊராட்சி ஒன்றியங்கள், 95 கிராம ஊராட்சிகள். ஓர் ஊராட்சியில் ஒரே ஆபரேட்டர் இருப்பது அரிது. தொட்டிக்கு ஒருவர், சில இடங்களில் இரண்டு மூன்று தொட்டிக்கு ஒருவர். பெயர்ப் பட்டியல் கேட்டு வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கு எழுதும்போது வழக்கமாக ஐந்து பத்திகள் கேட்போம்: பெயர், ஊராட்சி, தொட்டியின் கொள்ளளவு, மோட்டாரின் திறன், கைப்பேசி எண். ஆறாவதாக ஒரு பத்தி சேருங்கள்: பயிற்சி நாளில் மாற்று ஆள் யார்?

இந்தப் பத்தி காலியாக வரும். காலியாக வந்த பெயரை அழைக்காதீர்கள். இதில் பிடிவாதமாக இருக்கவேண்டும். "நீங்கள் அழையுங்கள் சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஊராட்சிச் செயலர் தொலைபேசியில் சொல்வார். பார்த்துக்கொள்வது என்றால், அன்று அந்த ஊருக்குத் தண்ணீர் வராது என்று பொருள். மறுநாள் ஊர்க்காரர்கள் திட்டுவது ஆபரேட்டரை. அடுத்த முறை நீங்கள் அழைத்தால் அவர் வரமாட்டார்.

மாற்று ஆள் கிடைக்க மூன்று வழி உண்டு. ஒரே ஊராட்சியில் இருவர் இருந்தால் ஒருவரை முதல் பயிற்சி அணியிலும் மற்றவரை மூன்றாம் அணியிலும் போடுங்கள்; ஒருபோதும் ஒரே நாளில் இருவரையும் அழைக்காதீர்கள். பக்கத்து ஊராட்சி ஆபரேட்டர் இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் அவரையும் இவரையும் ஜோடியாக்குங்கள். இரண்டுமே இல்லாத இடத்தில் ஆபரேட்டரின் வீட்டார் யாராவது ஏற்கெனவே வேலை பழகியிருப்பார்கள். மனைவி, மகன், தம்பி. அலுவலகத்துக்கு இது தெரியாததுபோல் இருப்பதுதான் வழக்கம். எனக்கு அந்தப் பாசாங்கில் நம்பிக்கை இல்லை. வால்வைத் திறக்கவும் மூடவும் மட்டும் அவர்களை வைத்துக்கொள்ளலாம். மோட்டார் பேனலைத் தொடக்கூடாது. தொட்டியை முந்தைய இரவே நிரப்பி வைத்துவிட்டால் பகலில் மோட்டார் ஓடவேண்டிய அவசியமும் இல்லை. அழைப்புக் கடிதத்திலேயே இதை எழுதிவிடுங்கள்: "பயிற்சிக்கு முந்தைய இரவு தொட்டி முழுவதும் நிரப்பப்படவேண்டும்."

மூன்றாம் படி: நாள் குறித்தல்

இந்த மாவட்டத்தில் பயிற்சிக்கு நாள் குறிப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதைவிடச் சிக்கல்.

முதல் எதிரி மார்ச் மாதம். நிதி பிப்ரவரியில் வந்து சேரும். மார்ச் 31க்குள் செலவழிக்கவேண்டும். ஆகவே எல்லாத் துறையும் எல்லாப் பயிற்சியையும் மார்ச்சில் நடத்தும். கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, ஆபரேட்டர் ஊரைவிட்டு நகரமுடியாத மாதமும் அதுதான். மார்ச் முதல் மே வரை அழைக்காதீர்கள். முந்தைய ஏப்ரலிலேயே ஆண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கி, தேதிகளைச் செயல்முறை ஆணையிலேயே எழுதிவிட்டால், நிதி தாமதமானாலும் தேதியைக் காட்டி வாதாடலாம். நான் வாதாடி இரண்டு முறை வென்றிருக்கிறேன், மூன்று முறை தோற்றிருக்கிறேன்.

அடுத்தது திருவிழாக்கள். மாசியில் மண்டைக்காடு கொடை. மாசி 20இல் அய்யா வைகுண்டர் அவதார தினம். மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். பன்னிரண்டு சிவாலயங்களையும் தொட்டு ஓடுகிறவர்கள் வருகிற பாதையில் உள்ள ஊர்களில் அந்த இரண்டு நாளும் குழாயில் தண்ணீர் நின்றுபோகக்கூடாது. மார்கழியில் சுசீந்திரம் தேர். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. கடற்கரையில் பங்குத் திருவிழா வந்தால் ஊருக்குப் பத்து நாள் விருந்தினர் கூட்டம். அந்தத் தேதி ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ஊராட்சிச் செயலரிடம் கேட்டே தெரிந்துகொள்ளவேண்டும். இவற்றோடு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராமசபை நாட்கள். அவற்றின் முந்தைய வாரத்தில் ஊராட்சியில் யாரையும் பிடிக்கமுடியாது.

எஞ்சுவது பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை ஒரு துண்டு, ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒரு துண்டு. ஜூலைக்கு இன்னொரு வசதியும் உண்டு. விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு: கிழக்கே சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே முட்டம், கொளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்குக் கடற்கரை ஊர்களில் ஜூலையில் ஆட்கள் கரையில் இருப்பார்கள். மாற்று ஆள் எளிதாகக் கிடைப்பார். கடலோர அணியை அந்த மாதத்தில் வையுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று காற்றாலைக்குத்தான் நல்லது. தொட்டி ஏணியில் நிற்கிறவனுக்கு நல்லதில்லை. அந்தப் பகுதி அணிக்கு ஏணிப் பயிற்சியைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள்.

நான்காம் படி: இடமும் நேரமும்

எல்லோரையும் நாகர்கோவிலுக்கு வரச்சொல்வது அலுவலகத்துக்கு வசதி. மேல்புறத்திலிருந்தும் முன்சிறையிலிருந்தும் வருகிறவருக்கு இரண்டு பஸ் மாறி வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். மூன்று மையமாகப் பிரியுங்கள்: அகஸ்தீஸ்வரம், தோவாளை, ராஜாக்கமங்கலம் ஒன்றியங்களுக்கு நாகர்கோவில்; குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாருக்குத் தக்கலை; கிள்ளியூர், முன்சிறை, மேல்புறத்துக்கு மார்த்தாண்டம். ஒரு நாள் நாகர்கோவிலில் வைத்தால் கோணத்தில் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் வையுங்கள். மின் பணிமனை, கருவிகள், பயிற்றுநர் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். மண்டபத்தில் நாற்காலி மட்டும்தான் கிடைக்கும்.

நேரம் காலை 10.30 முதல் 3 மணி வரை. அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். இவர்களுக்கு ஊராட்சி தருகிற ஊதியம் சிறியது. பலருக்கு இன்னொரு வேலை உண்டு. திருவட்டார் பக்கம் சிலர் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு, பிறகு மோட்டார் போடுகிறவர்கள். ஒன்பது மணிக்கு வரச்சொன்னால் ஒன்று அந்தக் கூலி போகும், இல்லை உங்கள் வகுப்பு போகும். எது போகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டு முழு நாள் பயிற்சியைத் தொடர்ந்து வைக்காமல், ஒரு வார இடைவெளியில் இரண்டு நாளாகப் பிரிப்பது நல்லது. ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன். அணிக்கு 25 பேருக்கு மேல் கூடாது. பெண் ஆபரேட்டர்கள் இருந்தால் (இருக்கிறார்கள்) கழிப்பறையை நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: எதைக் கற்றுக்கொடுப்பது

மேலிடத்திலிருந்து வருகிற பாடத்திட்டத்தில் வீடுதோறும் குழாய்நீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் நோக்கம், 2019இல் தொடங்கியது, தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றெல்லாம் முதல் இரண்டு மணி நேரம் இருக்கும். அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மூன்று விஷயங்களில் மீதி நேரத்தைச் செலவிடுங்கள். மூன்றுமே கையால் செய்யவேண்டியவை.

முதலாவது, நேரக் குறிப்பு. இதுதான் என் செல்லப் பாடம். 30,000 லிட்டர் தொட்டி இரண்டரை மணி நேரத்தில் நிரம்புகிறது என்றால் மோட்டார் நிமிடத்துக்கு 200 லிட்டர் தள்ளுகிறது. அதே தொட்டிக்கு இப்போது மூன்றரை மணி ஆகிறதென்றால் ஏதோ கோளாறு: வழியில் கசிவு, தேய்ந்த இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சக்கரம்), இறங்கிய நீர்மட்டம், குறைந்த வோல்டேஜ். மோட்டார் எரிந்த பிறகு வருகிற செலவு முழுவதையும் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் முன்கூட்டியே சொல்லிவிடும். போட்ட நேரம், நிறுத்திய நேரம், ஆம்பியர். மூன்று பத்திகள் போதும். முதல் நாள் வகுப்பில் நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச்சொல்லுங்கள். இரண்டாம் நாள் வகுப்பு அந்த நோட்டுகளை விரித்து வைத்துத்தான் தொடங்கவேண்டும். ஒரு வார இடைவெளி இதற்காகத்தான்.

ஆம்பியரை விளக்கும்போது பாடப்புத்தகம் வேண்டாம். மும்முனை இணைப்பில் ஐந்து ஹெச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7 முதல் 9 ஆம்பியர் எடுக்கும். ஆனால் அவரவர் மோட்டாருக்கு அவரவர் எண். நன்றாக ஓடும் நாளில் மீட்டர் காட்டுவதைப் பேனல் கதவில் பெயின்டால் எழுதி வைக்கச்சொல்லுங்கள். அதைவிடச் சட்டென்று இறங்கினால் கிணற்றில் நீர் இல்லை, மோட்டார் சும்மா சுற்றுகிறது. ஏறினால் மோட்டார் திணறுகிறது அல்லது வோல்டேஜ் குறைந்திருக்கிறது. இரண்டிலும் முதலில் நிறுத்து, பிறகு யோசி. மூன்று முனையில் ஒன்றில் மின்சாரம் போய்விட்டபோது பிடிவாதமாக மூன்று முறை பச்சைப் பொத்தானை அழுத்தி மோட்டார் காயிலை எரித்தவர்கள் எல்லா அணியிலும் இருவர் இருப்பார்கள். அவர்களையே எழுந்து கதை சொல்லவிடுங்கள்.

இரண்டாவது, குளோரின். மில்லிகிராம் கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஆபரேட்டருக்கு டம்ளர் கணக்கு வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்தால் 30,000 லிட்டருக்கு 30 கிராம் குளோரின். பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் சுமார் 90 கிராம் பவுடர். ஈரம்பட்டு 20 சதவீதமாகிவிட்டால் 150 கிராம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இதுவும் போதாது. ஆகவே அளவைக் கடைசியாக முடிவு செய்வது சோதனைதான். பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலுள்ள தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றவேண்டும். அரை மணி நேரம் கழித்தே திறக்கவேண்டும். பிறகு தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் அல்ல, வரிசையின் கடைசிக் குழாயில் பிடித்துச் சோதிக்கவேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்லும் குறைந்தபட்ச எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். சோதனைக் கிட்டில் அது இளமஞ்சளாகத் தெரியும். வகுப்பில் ஒவ்வொருவரும் சொந்தக் கையால் இரண்டு முறையாவது அந்த மஞ்சளைப் பார்க்கவேண்டும். ஒருவர் செய்ய 24 பேர் எட்டிப் பார்ப்பது பயிற்சியாகாது. ஐந்து பேருக்கு ஒரு கிட் என்று எண்ணி வாங்குங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதியில் அப்படிப் பயின்றவர்கள் இருந்தால் அவர்களில் ஒருவரை அழைத்து இந்தப் பாடத்தை நடத்தச் சொல்லுங்கள். என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

மூன்றாவது, உயிர். தொட்டிக் கழுவல் மாதம் இருமுறை. கழுவிய தேதியைத் தொட்டியில் எழுதுவதும் உண்டு. எழுதுகிற தேதிக்கும் ஏறுகிற காலுக்கும் நடுவில் இருப்பது இரும்பு ஏணி. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அந்தப் படிகளை உள்ளிருந்து தின்றுவிடும். மேலே பெயின்ட் பளபளக்கும். ஒவ்வொரு படியையும் கையால் அசைத்துப் பார்த்து ஏறுவது, தனியாக ஏறாதிருப்பது, கயிறு கட்டுவது, மழையிலும் காற்றிலும் ஏறாதிருப்பது. டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போடுவது மின்வாரிய ஊழியரின் வேலை, எவ்வளவு பேர் குடத்தோடு நின்றாலும் அதைத் தொடக்கூடாது என்பதை ஊராட்சித் தலைவர்கள் முன்னிலையிலேயே சொல்லுங்கள். ஆபரேட்டரை அதற்குத் தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாற்காலிகளில்தான் இருப்பார்கள்.

இதோடு ஒரு சிறு துணைப்பாடம். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்துபோன பிறகு மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் கொண்டுவந்து மோட்டார் ஓட்டினார்கள். இப்படி ஜெனரேட்டர் இணைக்கும்போதும், லைன் அறுந்து மறுபடி கட்டும்போதும் முனைகளின் வரிசை மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்புறமாகச் சுற்றும். நீர்மூழ்கி மோட்டார் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கொஞ்சமாக வரும், ஆகவே "மோட்டார் போய்விட்டது" என்று மேலே இழுத்துப் போட்டுவிடுவார்கள். மின்பணியாளரை அழைத்து ஏதேனும் இரண்டு முனைகளை மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும். புயல் முடிந்த மறுநாள் இது தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பது பெரிய காரியம்.

ஆறாம் படி: யார் கற்றுக்கொடுப்பது

தொழிற்பயிற்சி நிலையத்து மின் பயிற்றுநர் ஒருவர். குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒருவர். மூன்றாவதாக, எரிந்த மோட்டாருக்குக் கம்பி மாற்றிச் சுற்றும் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். இந்த மூன்றாமவரைத்தான் நான் அதிகம் நம்புவேன். எரிந்த காயிலை மேசையில் போட்டு, "இது ஒரு முனை போனதால் எரிந்தது, இது தண்ணீர் இல்லாமல் ஓடியதால் எரிந்தது" என்று அவர் பிரித்துக் காட்டும்போது அறையில் ஒரு கைப்பேசிகூட ஒலிக்காது. அவருக்குப் பட்டம் இல்லை என்பதால் மதிப்பூதியத்துக்குக் கணக்குப் பிரிவில் கேள்வி வரும். முன்கூட்டியே குறிப்பில் "தொழில்முறை அனுபவத்தின் அடிப்படையில் கருத்தாளராக" என்று எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

நான்காவதாக, இருபது வருடம் தொட்டி பார்த்த மூத்த ஆபரேட்டர் ஒருவரையும் மேடையில் உட்காரவையுங்கள். பொறியாளர் சொல்வது நடக்கிற காரியமா என்று எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

கருத்தாளர்களோடு ஒரு வாரம் முன்பே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். யார் எதைச் சொல்வது, யார் எதைச் சொல்லாமல் விடுவது. இதைச் செய்யாததால் ஒரே நாளில் மூவரும் மும்முனை மின்சாரம் என்றால் என்ன என்று தொடக்கத்திலிருந்து விளக்கிய கொடுமையையும் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: பணமும் கோப்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மதிப்பீடு, ஒப்புதல், செயல்முறை ஆணை, விலைப்புள்ளிகள், வருகைப் பதிவேடு, பற்றொப்பப் பட்டியல் (பணம் பெற்றவர்களின் கையெழுத்து), ரசீதுகள், புகைப்படம், பயன்பாட்டுச் சான்று. ஒன்பதும் ஒரே கோப்பில், இதே வரிசையில். தணிக்கைக்கு வருகிறவர் வரிசை கலைந்த கோப்பைக் கண்டால்தான் உற்சாகமாகிறார்.

பணத்தில் ஒரே ஒரு விதி: பயணப்படியை அன்றே கொடுத்துவிடுங்கள். "வங்கிக் கணக்கில் வரும்" என்று நாங்கள் சொல்லி, அது ஐந்து மாதம் கழித்து வந்த ஒரு முறை, அடுத்த அணியில் ஆள் சேர்க்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கணக்கில்தான் போடவேண்டும் என்று ஆணை இருந்தால், கணக்கு எண்களை ஒரு மாதம் முன்பே வாங்கிச் சரிபார்த்து, பட்டியலைத் தயாராக வைத்து, வகுப்பு முடிந்த மறுநாளே அனுப்புங்கள். மதிப்பீட்டில் விழாச் செலவைக் குறைத்து கையுறைக்கும், ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டருக்கும் மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பொன்னாடைகளின் விலையில் நான்கு சோதனைக் கிட் வாங்கலாம் என்று ஒரு முறை குறிப்பில் எழுதினேன். ரசிக்கப்படவில்லை.

எட்டாம் படி: பயிற்சி நாள்

முந்தைய மாலை ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழையுங்கள். குறுஞ்செய்தி போதாது. இரண்டே கேள்வி: தொட்டி நிரப்பியாயிற்றா? நாளை யார் திறக்கிறார்கள்? இரண்டாவதற்குப் பெயர் வரவில்லையென்றால் அவரை அடுத்த அணிக்கு மாற்றிவிடுங்கள். கோபிக்கமாட்டார், நிம்மதி அடைவார்.

தொடக்க விழாவைத் தவிர்க்கமுடியாது என்றால் பதினைந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். நான் விழாவை மதிய உணவுக்கு முந்தைய நேரத்துக்கு மாற்றி வைத்ததுண்டு. பசி வந்தால் பேச்சு தானாகக் குறையும்.

வகுப்புக்கு முன் எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். வயதான ஆபரேட்டர்கள் தாளைக் கண்டதும் ஒடுங்கிவிடுவார்கள். அதற்குப் பதில் மூன்று மேசை போடுங்கள்: ஒன்றில் மின்சாரம் இணைக்காத பேனல், ஒன்றில் குளோரின் கிட், ஒன்றில் கேட் வால்வு. வரும்போது ஒவ்வொருவரும் மூன்றிலும் ஒரு வேலை செய்து காட்டவேண்டும். இரண்டாம் நாள் போகும்போது அதே மூன்று வேலை. யார் எதில் திணறினார்கள் என்று எழுதி வைத்தால் அதுவே மதிப்பீடு.

சான்றிதழில் பெயரையும் தலைப்பெழுத்தையும் முந்தைய நாளே அவர்களிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். அது சுவரில் சட்டம் போட்டு மாட்டப்படும் தாள். "இது இருந்தால் வேலை நிரந்தரமாகுமா சார்?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஆகாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: திரும்பிப் போதல்

முப்பதாம் நாள் அணியில் பத்துப் பேரின் மோட்டார் அறைக்காவது சொல்லாமல் போங்கள். பார்க்கவேண்டியது நோட்டு. தொடர்ந்து எழுதியிருக்கிறாரா, இல்லை உங்கள் ஜீப் சத்தம் கேட்டு ஒரே பேனாவில் முப்பது நாளையும் நிரப்பினாரா என்பது பார்த்தவுடன் தெரியும். எழுதாதவரைத் திட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். ஒரு பாட்டியின் வயதிலிருந்த அக்கா ஒருவர் "எழுதுவேன் சார், யார் வாசிக்கிறார்கள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒன்றியப் பொறியாளர் மாதம் ஒருமுறை நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வாங்கினோம். கையெழுத்து விழத் தொடங்கியதும் நோட்டும் நிரம்பத் தொடங்கியது.

தொண்ணூறாம் நாள் மூன்று எண்களை ஒன்றியத்திலிருந்து கேட்டு வாங்குங்கள்: பயிற்சி பெற்றவர்களின் ஊர்களில் எத்தனை மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போயின, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் எத்தனை, கடைசிக் குழாயில் குளோரின் எத்தனை ஊரில் இருந்தது. மோசமாக இருந்தாலும் அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தை மாற்ற உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சியம் அதுதான்.

பிறகு பட்டியலின் ஆறாவது பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டர்கள் உங்கள் வகுப்பில் இருந்த நாட்களில் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட தம்பிகள், மனைவிகள், பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்கிறது. ஊராட்சியின் ஒப்புதலோடு அடுத்த அணிக்கு அவர்களை அழையுங்கள். மாற்று ஆள் யார் என்ற பத்தியில் இந்த முறை முதல் அணிக்காரரின் பெயரை எழுதிக்கொள்ளலாம்.